வளையப் பாதையின் மறுகோடியில் காஞ்சிபுரம்

சென்னையின் நகர ரயில் தடங்கள் மூன்று வகை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய புறநகர் மின்சார ரயில் ஒன்று. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயில் இன்னொன்று. 2015இல் வந்த மெட்ரோ மூன்றாவது. இவற்றில் காஞ்சிபுரம் வரை எட்டுவது முதல் வகை மட்டுமே. கடற்கரை நிலையத்தில் புறப்பட்டு, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், பெரம்பூர் என்று சுற்றி மீண்டும் கடற்கரைக்கே வந்துசேரும் ஒரு பெரிய வளையம் வரைபடத்தில் தெரியும். அதன் சுற்றளவு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காஞ்சிபுரம் அதன் மறுகோடி. செங்கல்பட்டு வழியாகப் போனாலும் அரக்கோணம் வழியாகப் போனாலும் சென்னை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சாலையில் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் வழி அது. ஆனாலும் இந்த வளையத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தால்தான் சென்னையின் தடங்களும் நிலையங்களும் ஏன் இப்படி அமைந்தன என்பது விளங்கும்.

காஞ்சிபுரத்துக்கு இரண்டு நிலையங்கள் உண்டு: காஞ்சிபுரம், காஞ்சிபுரம் கிழக்கு. எதில் இறங்கினாலும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கோ வரதராஜப் பெருமாள் கோயிலுக்கோ ஆட்டோ பிடித்தாக வேண்டும். ஊரின் அமைப்பு ரயிலுக்கு மிகவும் முந்தியது. பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் சுற்றி வளர்ந்தது. சின்னக் காஞ்சிபுரம் வரதராஜரைச் சுற்றி வளர்ந்தது. பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். தேர் ஓடும் வீதி, தறி ஓடும் தெரு என்று ஊர் ஏற்கெனவே வகுத்துக்கொண்ட ஒழுங்குக்கு வெளியே நின்றுதான் ரயில் வந்துசேர்ந்தது.

வந்த ஆண்டு 1865. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1856 ஜூலை 1ஆம் நாள், சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி, வாலாஜா வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தடத்தில் இருந்த அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளைப் பாதை போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. ராயபுரம் தடம் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. காஞ்சிபுரம் கிளையோ செலவைக் குறைப்பதற்காக மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர் அகலத்தில் போடப்பட்டது. வண்டி மாறாமல் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வர வழியில்லை. சரக்கையும் அரக்கோணத்தில் இறக்கி ஏற்ற வேண்டும். அந்தக் கம்பெனி பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874இல் தென்னிந்திய ரயில்வேயின் ஒரு பகுதியாயிற்று. பாதை மீட்டர் கேஜாகி, நம் காலத்தில் அகலப் பாதையும் ஆயிற்று. ஒரே ஊரின் தண்டவாளம் மூன்று அகலங்களைப் பார்த்துவிட்டது.

தண்டவாளத்தின் அகலத்தை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்னையில் எந்த ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது, எங்கே மாற வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை இந்த அகலத்திலேயே இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் காலை ரயில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் செங்கல்பட்டு வழியாகத்தான் போகிறார்கள். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் அலுவலர்கள், ஒரகடம், மறைமலை நகர்ப் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள், வெள்ளைத் துணியில் சுற்றிய புடவையை மஞ்சள் பைக்குள் வைத்து மடியைவிட்டு இறக்காத ஓரிருவர் என்று பெட்டி நிறைகிறது. நத்தப்பேட்டை கடந்து வாலாஜாபாத்தில் நின்றால், சரக்கு ரயிலில் ஏறக் காத்திருக்கும் புத்தம் புதுக் கார்களின் வரிசையைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் செய்யப்படும் வண்டிகள் வட இந்தியாவுக்கு இங்கிருந்து போகின்றன. பட்டுக்குப் பெயர் போன மாவட்டத்தின் இன்னொரு முகம் அது.

பழைய சீவரத்தில் ரயில் சற்று நேரம் நிற்கிறது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக. செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையிலான 68 கிலோமீட்டரும் நெடுங்காலமாக ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க முடியும். எதிரெதிராக வரும் இரண்டும் ஒரு நிலையத்தில் சந்தித்து, ஒன்று ஒதுங்கி நிற்க, மற்றது கடக்க வேண்டும். பயணிகள் இதைக் ‘கிராசிங்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள். ஆனால் இந்தப் பாதையில் எத்தனை ரயில் விடலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கிராசிங்தான். ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதித்தால் அந்தத் தாமதம் எதிர்வண்டிக்கும் தொற்றும். அதற்கடுத்த வண்டிக்கும் போகும். 2019இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் காட்சி தந்தபோது சிறப்பு ரயில்கள் விடப்பட்டும் கூட்டத்தின் பெரும்பகுதியைச் சாலைதான் சுமந்தது. ஒற்றைத் தடம் அதற்குமேல் தாங்காது.

அந்த நிறுத்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய சீவரத்துக்கு எதிரே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்து நடந்த ஆதுலர் சாலையையும், அதில் இருந்த மருத்துவரையும் மருந்துகளையும் விவரமாகப் பதிந்து வைத்திருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு மருத்துவமனை ஒன்றின் நிர்வாகக் குறிப்பு அது. இந்த வழியில் தினமும் போகிறவர்கள் ஒரு விடுமுறை நாளை அதற்கு ஒதுக்கலாம்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியின் கரையோரம் தெற்கிலிருந்து வரும் முதன்மைத் தடத்தோடு காஞ்சிபுரம் பாதை சேர்கிறது. வேகம் இங்கே மாறுகிறது. தென் மாவட்ட விரைவு வண்டிகள், விழுப்புரம் வண்டிகள், செங்கல்பட்டிலேயே புறப்படும் மின்சார ரயில்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் பாதை இது. பரனூர், சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று நிலையங்கள் வருகின்றன. இப்பகுதியில் நிலையங்கள் சற்று இடைவெளி விட்டு இருக்கும். தாம்பரத்தைத் தாண்டினால் நெருங்கிவிடும். புறநகர் ரயிலின் இலக்கணம் இது: நகருக்குள் அடிக்கடி நிற்பது, வெளியே போகப்போகத் தாவிச் செல்வது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. தண்டவாளம் அருகிலேயே ஓடியும், முனையத்தோடு சேர்த்து ரயில் நிலையம் திறக்கப்படவில்லை. பேருந்தில் வந்து இறங்கியவர்கள் பெட்டி படுக்கையோடு மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். பேருந்து முனையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒரே வரைபடத்தில் வரைந்து ஒரே நாளில் திறந்திருக்க வேண்டும்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரையிலான முப்பது கிலோமீட்டர்தான் சென்னை நகர ரயிலின் முதுகெலும்பு. 1931 மே மாதம் இங்கே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை. 1500 வோல்ட் நேர்மின்சாரம். பம்பாயில் 1925இல் மின்சார ரயில் வந்த சில ஆண்டுகளுக்குள் சென்னைக்கும் வந்துவிட்டது. 1960களில் அது 25 ஆயிரம் வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004இல் ஓய்வு பெற்றன. இந்தத் தடத்தின் சிறப்பு, நகர வண்டிகளுக்கென்று தனி இருப்புப்பாதைகள் ஒதுக்கியதுதான். திருநெல்வேலி விரைவு வண்டி தாமதமானாலும் மாம்பலத்துக்குப் போகிறவர் தாமதமாக வேண்டியதில்லை. நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி விட முடிவது அதனால்தான். 2025 ஏப்ரலில் செங்கல்பட்டு வரை குளிர்சாதன மின்சார ரயிலும் வந்துவிட்டது.

நிலையங்களின் பெயர்களிலேயே இந்த வழியின் வரலாறு கிடக்கிறது. தாம்பரம் சானடோரியம், காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். குரோம்பேட்டை, தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் ஊர்; அங்கே மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் கற்கோடரியை 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்ததும் பல்லாவரத்தில்தான். இந்தியாவையே அளந்த பெரும் நில அளவைக்கு 1802இல் வில்லியம் லாம்டன் அடிக்கோடு போட்டது பரங்கிமலைப் பக்கம்.

பரங்கிமலையில் மூன்று வகைத் தடங்களும் சந்திக்க வேண்டும். புறநகர் ரயிலும் மெட்ரோவும் இங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து இங்கே கொண்டுவரும் ஐந்து கிலோமீட்டர் வேலைதான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் ஓடத் தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 18 நிலையங்கள். நிலம் எடுக்கும் சிக்கல் இல்லாமல் கட்ட வேண்டும் என்பதால் கால்வாயின் கரையையும் நீர்ப்பரப்பையும் பிடித்துக்கொண்டார்கள். கால்வாய்க்கு அது நல்லதல்ல. பயணிக்கும் நல்லதல்ல, ஏனென்றால் நிலையங்கள் மக்கள் நடமாடும் சாலைகளை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. பிரம்மாண்டமான கட்டடங்களின் உள்ளே வெறும் தளங்கள் கிடக்கின்றன. ரயில் எங்கே போக எளிதோ அங்கே தடம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவான்மியூர், தரமணி நிலையங்களின் இருண்ட மாடிகள் சாட்சி.

மெட்ரோ அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. அது முதன்மைச் சாலைகளின் நடுவிலும் அவற்றின் அடியிலும் போகிறது. 2015 ஜூன் 29ஆம் நாள் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கி, 2019இல் முதல் கட்டம் முழுமையானது. 2021இல் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. இரண்டு தடங்கள். விம்கோ நகரிலிருந்து அண்ணா சாலை வழியாக விமான நிலையம் வரை நீலத் தடம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி சுற்றிப் பரங்கிமலை வரை பச்சைத் தடம். இரண்டும் சேர்ந்து 54 கிலோமீட்டர். சென்ட்ரலில் பிரிந்து ஆலந்தூரில் மறுபடி கூடுவதால், இவையும் நகருக்குள் ஒரு சிறு வளையம் போல அமைந்துவிட்டன. ஆலந்தூரில் இரண்டு தடங்களின் நடைமேடைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நகரும் படிக்கட்டில் ஒரு மாடி ஏறி இறங்கினால் தடம் மாறிவிடலாம். மழையில் நனைய வேண்டாம், இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டாம். இந்த நிலையத்துக்கு 2020இல் அறிஞர் அண்ணாவின் பெயர் வைக்கப்பட்டது. 1909இல் காஞ்சிபுரத்தில், ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர், மெட்ரோவில் மாறுவதற்கு மிக எளிதான நிலையத்துக்கு அமைந்திருக்கிறது.

பெட்டியில் மடியை விட்டு இறங்காத அந்த மஞ்சள் பைகள் மாம்பலத்தில் இறங்குகின்றன. ரங்கநாதன் தெருவின் நெரிசலைத் தாண்டினால் தியாகராய நகரின் பட்டுக் கடைகள். காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோர்வையாக நெய்யப்படும் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பல நாள் வேலை. வேன்களும் கூரியரும் வந்த பிறகும், அவசர ஆர்டரையோ சரிபார்க்க வேண்டிய ஒற்றைப் புடவையையோ ஒருவர் கையில் கொடுத்து ரயிலேற்றுவது நிற்கவில்லை. முகூர்த்த மாதங்களில் எதிர்த்திசையிலும் கூட்டம் இருக்கும். நெய்யும் ஊரிலேயே வாங்க வேண்டும் என்று குடும்பம் குடும்பமாகக் காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் அவர்கள்.

எழும்பூர் தாண்டிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் சென்னை ரயில் அமைப்பின் முடிச்சு கண்ணெதிரே நிற்கும். ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் ஒரு பக்கம் பூங்கா நிலையம். தாம்பரம் தடத்துக்கு உரியது. அதற்கு அருகே பூங்கா நகர் நிலையம். பறக்கும் ரயிலுக்கு உரியது. சாலையின் மறுபக்கம் 1873இல் எழுந்த சென்ட்ரல். வடக்கேயும் மேற்கேயும் போகும் விரைவு வண்டிகளுக்கு உரியது. அதன் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகம். 1985இல் தீயில் அழிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த புறநகர் முனையம், கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் மின்சார ரயில்களுக்கு உரியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மெட்ரோவின் இரண்டு தடங்கள், தரைக்குக் கீழே அடுக்கடுக்காக.

ஐந்து நிலையங்களும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளியே வந்து, சுரங்க நடைபாதையிலோ மேம்பாலத்திலோ சாலையைக் கடக்க வேண்டும். கையில் குழந்தையும் தோளில் பையுமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கும் தாயைப் பார்த்தவர்களுக்கு இது சிறு குறையாகத் தோன்றாது. இதன் காரணம் பழைய கம்பெனிகள். சென்ட்ரல் பக்கம் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதை. எழும்பூர், பூங்கா பக்கம் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ். ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏற முடியாது. அதனால் நிலையங்களைச் சேர்த்துக் கட்ட யாருக்கும் தேவை எழவில்லை. பிறகு கம்பெனிகள் போய்த் தெற்கு ரயில்வே வந்தது. எல்லாத் தடமும் அகலப் பாதை ஆயிற்று. கட்டடங்கள் மட்டும் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டன. மெட்ரோ மறுபடி 1435 மில்லிமீட்டர் என்று தனக்கென ஓர் அகலத்தை எடுத்துக்கொண்டது.

கடற்கரை நிலையம் துறைமுகத்துக்கு எதிரே இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.  தாம்பரம் தடமும் பறக்கும் ரயிலும் இங்கே தொடங்குகின்றன. ராயபுரம் பக்கமாக வளைந்து வட, மேற்குத் தடங்களோடும் இங்கிருந்து இணைப்பு உண்டு. வளைய ரயில் திரும்பும் இடம் இது.

திரும்பும் வழி மேற்குத் தடம். பேசின் பாலம் கடந்ததும் பெரம்பூர். 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் ஊர். இந்தியா முழுதும் ஓடும் பெட்டிகளில் பெரும்பங்கு இங்கே செய்யப்பட்டவை. முதல் வந்தே பாரத் வண்டியும் 2018இல் இங்கிருந்துதான் வந்தது. வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று தொழிற்பேட்டையும் கோயிலூருமாக மாறிமாறி வந்து அரக்கோணத்தில் தடம் பிரிகிறது. 1865இல் காஞ்சிபுரத்து மக்கள் சென்னைக்குப் போன முதல் ரயில் வழி இதுதான். இன்று இந்தப் பக்கம் ஏறுபவர்கள் குறைவு.

அரக்கோணத்துக்கும் தக்கோலத்துக்கும் இடையே கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருப்பதால் பழைய தடத்தை விலக்கிப் புதுப் பாதை போட்டார்கள். அது முடிந்தபின், 2019 ஏப்ரலில் கடற்கரையிலிருந்து கடற்கரைக்கே முழு வட்டம் வரும் ரயில்கள் தொடங்கின. ஒருசில வண்டிகள்தான். தக்கோலம், 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் ராஷ்டிரகூடரோடு போரிட்டு யானைமேல் மாண்ட களம். அடுத்தது திருமால்பூர், பாடல் பெற்ற திருமாற்பேறு. அடுத்தது காஞ்சிபுரம்.

இனி வரப்போகும் தடங்களும் இந்தத் திசையைத்தான் பார்க்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மூன்று புதுத் தடங்கள். அவற்றில் ஒன்று கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, திருமயிலை, பனகல் பூங்கா, வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர். அதைச் சுங்குவார்சத்திரம் வழியே பரந்தூர் வரை இன்னும் 52 கிலோமீட்டருக்கு மேல் நீட்டத் திட்டம் இருக்கிறது. பரந்தூரில் விமான நிலையம் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை; ஏரியையும் வயலையும் இழக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் நெடுநாளாகப் போராடி வருகிறார்கள். இன்னொரு திட்டம், 2025–26 தமிழக வரவு செலவுத் திட்டத்தில் வந்தது: சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் இடையே 140 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மண்டல விரைவு ரயில்; முதலில் அதன் சாத்தியக்கூறு ஆய்வு.

இவை வரட்டும். ஆனால் காஞ்சிபுரத்துக்கு அதற்கு முன்னால் வேண்டியது வேறு. செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே இரண்டாவது தடம். அதில் இரு வழியிலும் மணிக்கு ஒரு மின்சார ரயிலாவது. பூங்காவிலும் சென்ட்ரலிலும் ஒரே கூரையின் கீழ் வண்டி மாறும் வசதி. நிலம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, பயணிகளும் இருக்கிறார்கள். புதிய தடங்களுக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள் இந்த 68 கிலோமீட்டரை முதலில் முடித்துத் தர வேண்டும்.